பட்டரவாக்கத்து அந்நியபாஷை

ஆவடியைத் திருப்பிச் சொன்னால் டிவஆ. அம்பத்தூரைத் திருப்பினால் தூர்பத்தம். கொரட்டூர், டூர்ரட்கொ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதெல்லாம் எனக்கு வரும். பதினைந்து வயதில் ஒரு முறை, நிறைந்த சபையில், கண்ணை மூடிக்கொண்டு கடவுளின் பெயரால் இதைச் சொல்லிவிட்டேன். அதை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையையே வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இதுதான்.

போன மாதம் பாஸ்டர் ஜெகதீஷ் போன் செய்தான். செய்தார் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் மூக்கை ஒழுகவிட்டபடி சண்டே ஸ்கூலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு என் பேனாவில் மரியாதை சட்டென்று வர மாட்டேன் என்கிறது. பழைய பாஸ்டர் ஞானசேகரன் ஐயாவின் மகன் அவன். அப்பாவுக்குப் பிறகு பட்டரவாக்கம் சபை இப்போது அவன் கையில்.

"பிரைஸ் த லார்ட் அக்கா. நல்லா இருக்கீங்களா? சபைக்கு இது பொன்விழா வருஷம். நீங்க வந்து சாட்சி சொல்லணும்."

"நான் சபையை விட்டே எவ்வளவு வருஷம் ஆச்சு ஜெகதீஷ். நான் என்ன சாட்சி சொல்றது?"

"தொண்ணூத்தி ஏழுல, காத்திருப்புக் கூட்டத்துல, ஆவியானவர் உங்க மேல இறங்கினாரே. நீங்க பாஷையில பேசி, தாயம்மா ஆயா அர்த்தம் சொன்னாங்களே. வசந்தா அக்காவும் சாட்சி சொல்றாங்க. ஜெயப்பிரியா வந்தாதான் நான் வாயைத் தொறப்பேன்னு சொல்லிட்டாங்க."

வசந்தா அக்காவின் பெயரைக் கேட்டதும், பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அன்று பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போட்ட கணக்கையே பத்தாம் வகுப்புக்கும் போட்டேன். பிள்ளைகள் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் குடும்பம் பெந்தெகொஸ்தே ஆனதற்குக் காரணம் அப்பாவின் மஞ்சள் காமாலை. அப்பா நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்கு வந்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஞானசேகரன் ஐயா ஏழு நாள் சாப்பிடாமல் ஜெபம் செய்தார். அப்பா எழுந்தார். அந்த ஏழு நாளும் அம்மா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியைப் பற்றி அம்மாவே பிறகு எந்தச் சாட்சியிலும் சொன்னதில்லை. அடுத்த மாதமே ஒரு வேனில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய் இரண்டு பேரும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார்கள். குழந்தையில் தலையில் தெளித்த தண்ணீர் செல்லாது என்பது சபையின் உபதேசம். அம்மா தாலியையும் தோட்டையும் கழற்றினார். எனக்கும் தங்கை நிஷாவுக்கும் காதுத் துளை தூர்ந்துபோனது. பள்ளிக்கூடத்தில் எங்களை 'அல்லேலூயா' என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை போடுவேன், ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சபை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீள ஷெட். அதற்கு முன் அது நட்டு போல்ட்டு பட்டறையாக இருந்தது. சிமென்ட் தரையில் எண்ணெய்க் கறை போகவே இல்லை, அதன் மேல்தான் பாய் விரிப்போம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் வெள்ளை. பிரசங்கத்தின் நடுவே ரயில் வந்தால் பாஸ்டர் பேச்சை நிறுத்தி, "ஸ்தோத்திரம் சொல்லுவோம்" என்பார். ரயில் போய் முடியும்வரை எல்லோரும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லுவோம். லோக்கல் ரயில் என்றால் சின்ன ஸ்தோத்திரம். கூட்ஸ் வந்துவிட்டால் தொண்டை வற்றிவிடும். டிரம்மும் டம்பரினும் சேர்ந்து எழும்போது கூரை அதிரும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு பொய் இல்லை. இன்றைக்கும் அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பெண்கள் பக்கம் என் இடம் வசந்தா அக்காவுக்கு அருகில். அக்கா எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். பட்டரவாக்கம் பழைய ஊர்க்காரர்கள் அவர்கள், நெல் விளைந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கும் இந்துக் குடும்பம். அக்கா மட்டும் சபைக்கு வந்துவிட்டாள். எனக்கு இழுத்துப் பின்னல் போட்டுவிடுவாள். வெட்டி விழுந்த துணியில் எனக்கு மட்டும் பாவாடைக்கு ஓரம் வைத்துத் தருவாள். நிஷா கேட்டால், "உனுக்கு அடுத்த வாரம்" என்பாள். அந்த அடுத்த வாரம் வந்ததே இல்லை. பிரசங்கம் நீண்டு எனக்குத் தூக்கம் வந்தால் தன் முந்தானையை என் தலையில் போட்டு மூடிக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு நான் உருக்கமாக ஜெபிப்பது மாதிரி இருக்கும். அம்மாவை விட எனக்கு அக்காவிடம் ஒட்டுதல் அதிகம், அம்மாவுக்கும் அது தெரியும்.

அக்காவின் புருஷன் கோவிந்தராஜ், வேலைக்குப் போகிறேன் என்று ஒரு நாள் போனவர் திரும்பி வரவில்லை. சாகவில்லை, பெங்களூரில் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளையும் இல்லை. மாங்காட்டில் இருந்த அண்ணன் பரந்தாமன், மனைவியை இழந்த ஒரு ரைஸ்மில்காரருக்கு அக்காவைக் கட்டிவைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். "வீட்டைப் பூட்டிட்டு வா" என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். என்ன செய்வதென்று கர்த்தரிடம் கேட்கிறேன் என்று அக்கா, ஆவிக்காக நாள் கணக்கில் காத்திருந்து ஜெபிக்கும் அந்த மே மாதக் காத்திருப்புக் கூட்டத்துக்கு உபவாசத்தோடு வந்தாள். இது சபையில் எல்லோருக்கும் தெரியும்.

என் கவலை வேறு. ஞானஸ்நானம் எடுத்தால் மட்டும் போதாது, பரிசுத்த ஆவியின் அபிஷேகம் வேண்டும் என்பது சபையின் உபதேசம். அபிஷேகம் வந்தது என்பதற்கு அடையாளம் அந்நியபாஷை, பேசுகிறவருக்கே புரியாத சொற்களை ஆவியில் பேசுவது. பாஷை வராவிட்டால் ஆவி இல்லை, ஆவி இல்லாவிட்டால் இயேசுவின் இரகசிய வருகையில் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது சந்தேகம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு திறந்து கிடந்தது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அம்மா இல்லை. வருகை வந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். பாஸ்டரம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அம்மா பக்கத்து வீட்டுக்குப் புளி வாங்கப் போயிருந்தார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என்னை விட இரண்டு வயது சின்னவளான நிஷாவுக்கு முந்தின வருஷமே பாஷை வந்துவிட்டது. அவள் தினமும் என் ரப்பரைத் திருடுகிறவள். அவளுக்கு அபிஷேகம், எனக்கு இல்லை. "உள்ள ஏதோ பாவம் இருக்கு, அறிக்கை பண்ணு" என்று அம்மா என்னைத் துளைத்தெடுத்தார். இருந்த பாவத்தையெல்லாம் அறிக்கை செய்தேன், போதாமல் இல்லாத இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அப்போதும் வரவில்லை.

நானும் நிஷாவும் லோக்கல் ரயிலில் போகும்போது ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஸ்டேஷன் பெயர்களை அசை அசையாகத் திருப்பி, மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். ஆவடியில் ஆரம்பித்து வில்லிவாக்கம் வரை. இறங்கும் இடத்தில் தோற்றவள் பை தூக்க வேண்டும். அதில் நான்தான் கெட்டி.

கூட்டத்தின் கடைசி நாள், சனிக்கிழமை, உச்சி வெயில். கூரை கொதித்தது. பாஷை வராத பத்துப் பேரை முன்னால் முழங்காலில் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக ஆவியில் நிரம்பி எழுந்து போனார்கள். கடைசியில் நான் மட்டும் மிச்சம். பாஸ்டர் என் தலையில் கை வைத்து, "விடு, நாவை விடு, கர்த்தருக்கு ஒப்புக்கொடு" என்கிறார். சுற்றிலும் இருபது பெண்கள், டிரம், கைத்தட்டு. பின்னால் அம்மா விம்முவது எனக்குத் தனியாகக் கேட்கிறது. முழங்கால் மரத்துவிட்டது. காலையிலிருந்து சோறு இல்லை. நாவை விட்டேன்.

"டிவஆ னூர்னஅன் யில்வாலைமுல்ருதி தூர்பத்தம், தூர்பத்தம், கம்வாக்ரடபட் டூர்ரட்கொ கம்வாக்லிவில்."

ஷெட் கொந்தளித்தது. அம்மா ஓவென்று அழுதார். பின்னால் ஒரு சத்தம். திரும்பாமலே தெரிந்தது, நிஷா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது. "ஆவியின் சந்தோஷம், ஆவியின் சந்தோஷம்" என்று நாலு பேர் அவளையும் சூழ்ந்துகொண்டார்கள்.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்து மறந்திருப்பேன். தாயம்மா ஆயா எழுந்து நின்றார். அயப்பாக்கத்தில் மாடு வைத்திருந்தவர், படிக்கத் தெரியாது. பாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரம் சபையில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. சாதாரணமாக "இன்னா கண்ணு, துன்னியா" என்று பேசுகிறவர், அர்த்தம் சொல்லும்போது மட்டும் சுத்த பைபிள் தமிழுக்கு மாறிவிடுவார்.

"பூட்டாதே, பூட்டாதே என்று கர்த்தர் உரைக்கிறார். என் மகளே, நீ இருக்கிற இடத்தை விட்டு எழும்பாதே. போனவன் வருவான். உன் வாசலிலே வந்து நிற்பான்."

சுற்றி நின்ற பெண்களுக்கு நடுவிலிருந்து வசந்தா அக்கா வந்து என் பக்கத்தில் தரையில் விழுந்தாள். தலையை என் மடியில் வைத்து அப்படி அழுதாள். அவள் கண்ணீர் பாவாடையை நனைத்து என் தொடையில் சுட்டது. நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அது தூர்பத்தம், அம்பத்தூர், ரயில் விளையாட்டு என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அம்மா என்ன ஆவார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுவாரம் பரந்தாமன் சபை வாசலுக்கே வந்து கத்தினார். அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "கர்த்தர் வார்த்த குடுத்துட்டாரு. நான் எழும்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். ரைஸ்மில்காரர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்த ஞாயிறிலிருந்து நான் இடம் மாறி சண்டே ஸ்கூல் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அக்கா பின்னல் போடக் கூப்பிட்டால் தலைவலி என்பேன். இரண்டு வருஷத்தில் அப்பா பட்டாபிராமில் வீடு கட்டினார். நாங்கள் போய்விட்டோம்.

அதற்குப் பிறகும் அம்மா சாகும்வரை வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பேச்சை எடுப்பார். "வசந்தா இன்னும் காத்துக்கிட்டு இருக்கா பாரு. என்ன விசுவாசம்." எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் வசந்தா இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நடந்த ஒவ்வொரு நல்லதும் அவளிடமிருந்து எடுத்தது மாதிரி உறுத்தியது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் பூந்தமல்லி சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறேன். வீட்டுக்காரர் குடும்பம் அங்கே. புத்தகத்தைப் பார்த்து ஜெபம், அங்கி போட்ட பாதிரி ஐயர், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து பிரியாணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பெந்தெகொஸ்தேக்காரர்கள் இதைச் செத்த சபை என்பார்கள். இவர்கள் அதை இரைச்சல் கடை என்பார்கள். நான் இரண்டிலும் சேராமல் எனக்கென்று கொஞ்சம் வைத்திருக்கிறேன். தெளித்தாலும் முக்கினாலும் தண்ணீர் தண்ணீர்தான். காதில் கம்மல் போட்டதற்காக ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். தமிழில் கேட்டால் அவருக்குப் புரியும். இவ்வளவுதான் என் உபதேசம். ஆனால் கோயிலில் பாட்டு வேகமெடுக்கும்போது கைதட்டச் சொல்லி என் கை துறுதுறுக்கும். ஆமை வேகத்தில் ஆர்கன் போகும்போது அந்த டம்பரினை நினைத்து ஏங்கியிருக்கிறேன். எனக்குச் சபை வேண்டும், அந்தப் பொய் மட்டும் வேண்டாம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை.

நிஷாவுக்கு மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். "லூசா நீ? பேசாம மேடையில ஏறி அல்லேலூயா சொல்லிட்டு இறங்கு. இல்லன்னா காய்ச்சல்னு சொல்லு" என்றாள். பொய்க்கு மேல் பொய் என்னால் முடியாது. மேடையில் உண்மையைச் சொன்னால் நூறு பேர் முன்னால் அக்காவின் இருபத்தெட்டு வருஷத்தை நானே போட்டு உடைத்ததாக ஆகும். முதலில் அவளிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது.

சனிக்கிழமை காலை வானகரத்தில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினேன். அயனம்பாக்கம் வழியாக வரும்போது இரண்டு முறை வண்டியை நிறுத்தித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். எஸ்டேட்டில் அக்கா வேலை பார்த்த கம்பெனி இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், ஐ.டி. பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு முனையில் நின்று கம்மலைக் கழற்றலாமா என்று யோசித்தேன். ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளத்தானே வந்திருக்கிறோம், இன்னொன்று எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு அபார்ட்மெண்டுக்கு நடுவே அந்த ஓட்டு வீடு அப்படியே இருந்தது. கதவு திறந்திருந்தது. அக்கா தையல் மிஷினில் குனிந்திருந்தாள். வெள்ளைச் சேலை, வெள்ளைத் தலை, மூக்குக்கண்ணாடி. என்னைப் பார்த்ததும் கால் நின்றது.

"பிரியாவா?"

"ஆமாக்கா."

"காது குத்திக்கினியா. நல்லா கீது." அவ்வளவுதான் சொன்னாள். பாயை எடுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, குடித்தால் தைரியம் போய்விடும். "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசாதீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். ரயில், நிஷா, பை தூக்குவது, மரத்துப்போன முழங்கால், தூர்பத்தம். "அது ஆவியும் இல்ல, பாஷையும் இல்லக்கா. ஸ்டேஷன் பேரு. அதை நம்பி நீங்க ரெண்டாவது கல்யாணத்தை விட்டீங்க. குழந்தை குட்டி இல்லாம இந்த வீட்டுல ஒக்காந்துட்டீங்க. நான்தான் காரணம்."

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "இன்னொரு தபா சொல்லு."

"எதை?"

"அந்த டேஷன் பேர."

சொன்னேன். கம்வாக்ரடபட் வந்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள், இருமல் வந்து முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. "அடிப்பாவி. எங்கூரு பேரா அது? நான் பொறந்த ஊரு பேரு எனக்கே தெரியாம பூட்ச்சே."

எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு வருஷம் நான் அரைத்துக்கொண்டிருந்ததை இவள் இப்படிச் சிரிக்கிறாளே என்று. "சிரிக்காதீங்கக்கா. அவரு வரவே இல்லையே."

"யாரு வரல? வந்தானே."

"கோவிந்தராஜா? எப்பக்கா?"

"ஆறு வருசம் ஆச்சு. ஒரு செவ்வாக்கெழம, மூணு மணி இருக்கும். இதே மிஷின்ல குந்திகினு கீறேன். வாசல்ல ஒரு ஆளு. பல்லு போயி, தலை நரைச்சி. வசந்தான்னான். கொரல வெச்சித்தான் கண்டுபுட்ச்சேன். தண்ணி குட்த்தேன், குட்ச்சான். உள்ள வரட்டான்னான். வேணாம்னேன். சொம்ப வாங்கிகினு கதவ சாத்தினேன்."

"பூட்டாதேன்னு கர்த்தர் சொன்னாரேக்கா" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. அது கர்த்தர் சொன்னது இல்லை என்று நிரூபிக்க வந்தவள் நான்.

"பூட்டல. சாத்தினேன்." அக்கா கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். "வாசல்ல வந்து நிப்பான்னுதான் சொன்னாரு. உள்ள கூப்ட்டு சோறு போடுன்னு சொல்லல. அதத்தான் சாட்சி சொல்லு, சாட்சி சொல்லுன்னு ஜெகதீஷ் என் உயிர வாங்கறான்."

"அப்ப இவ்ளோ நாளா நீங்க அவருக்காகக் காத்துக்கிட்டு இல்லையா?"

"எனுக்கு அவனும் வேணாம், அந்த ரைஸ்மில்லும் வேணாம். இந்த ஊடு, ஒரு மிஷினு, ஞாயித்துக்கெழம சபை. அது போதும்னு இருந்துச்சி. எங்கண்ணன்கிட்ட அப்டி சொன்னா உடுவானா? பொம்பள தனியா கீறேன்னா ஊரு உடுமா? கர்த்தர் சொல்ட்டாருன்னதும் வாய மூடிகினு போனான். அன்னிக்கி உபாசம் இருந்து நான் கேட்டதே அதுதான். இங்கியே இருன்னு ஒரு வார்த்த சொல்லுன்னு."

"ஆனா அது ஸ்டேஷன் பேருக்கா."

"நீ சொன்னது டேஷன் பேரு. தாயம்மா சொன்னது டேஷன் பேரா?"

என் கணக்கு டீச்சர் புத்தி அதற்குள் இருந்த ஓட்டையைத் தேடியது. ஓட்டை இருந்தது, பெரிய ஓட்டைதான். ஆனால் தாயம்மா ஆயா செத்துப் பத்து வருஷம் ஆகிறது, அவர் என்ன கேட்டார் என்று இனி யாரிடம் கேட்பது. ஒன்று மட்டும் தெரிந்தது, நான் யாருடைய வாழ்க்கையையும் கெடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்து மூச்சு விட்டேன். ஆண்டவரே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "உங்களுக்கு என் மேல கோபமே இல்லையாக்கா?"

"கீது" என்றாள் அக்கா.

சிரிப்பு போய்விட்டிருந்தது. மிஷினில் மாட்டியிருந்த துணியை எடுத்து மடித்தாள்.

"உங்கம்மா அடக்கத்துக்கு வந்தேன். பட்டாபிராம் கல்லறையில உன் எதிர்ல நின்னேன். என்னப் பாத்துட்டு அந்தாண்ட திரும்பிகினு பூட்ட. உன் கல்யாணத்துக்குப் பத்திரிக்க இல்ல. பின்னல் போட வாடின்னா தலைவலின்னு போனியே, அன்னிலேந்து நீ என் மூஞ்சியப் பாக்கல. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெனம் கர்த்தரக் கேட்டேன். படிக்காதவ, புருசன் உட்டுட்டுப் போனவ, டீச்சரு ஆயிட்டா, சி.எஸ்.ஐ. ஆயிட்டா, நம்ம கூட நின்னா கௌரவக் கொறச்சல்னு நெனச்சிகினேன். அதுக்கும் மன்னிச்சேன், போ. மேட எனுக்கு இன்னாத்துக்கு? உன் பேரச் சொன்னா ஒரு தபாவாவது வருவியேன்னுதான் ஜெகதீஷாண்ட சொன்னேன்."

கோவிந்தராஜுக்காக ஏங்கி அவள் உட்கார்ந்திருப்பதாக எத்தனை ஆயிரம் முறை நினைத்திருப்பேன். என்னை நினைத்து உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. என் குற்றத்தை வளர்க்கத்தான் எனக்குத் தெரிந்தது. குழந்தை மாதிரி அழுதேன். அக்கா சமாதானம் சொல்லவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

கிளம்ப எழுந்தபோது, "மேடைக்கி வராத. நானும் போகல. இது தெரிஞ்சா ஜெகதீஷ் மயக்கம் போட்ருவான், தாயம்மா பேரும் கெட்டுடும்" என்றாள். பிறகு, "ஜெபம் பண்ணிட்டுப் போ" என்றாள்.

சபைக்காரர்கள் வீட்டுக்குப் போனால் ஜெபம் செய்யாமல் படி இறங்க முடியாது. வந்தவர்தான் செய்ய வேண்டும். நான் யார் முன்னாலும் வாய்விட்டு ஜெபித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் பாயில் முழங்கால் போட்டோம். அக்கா முக்காடு போட்டுக்கொண்டாள், எனக்கும் துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டாள். பக்கத்தில் அக்காவின் வாயிலிருந்து மெதுவாகப் பாஷை கிளம்பியது. எனக்குப் புரியாத சொற்கள், ஒரு காலத்தில் நான் கேட்டுத் தூங்கிய சொற்கள். அது ஆவியா இல்லையா என்று நான் ஆராயவில்லை. அதன் பக்கத்திலேயே என் தமிழை வைத்தேன்.

"ஆண்டவரே, பயத்துல ஒளிஞ்சிருந்தேன். உம்மகிட்ட தினமும் மன்னிப்பு கேட்டேன், இவங்ககிட்ட ஒரு நாளும் கேக்கல. இருபத்தெட்டு வருஷம் இவங்க வீட்டுக்கு வராம இருந்தது தப்பு."

பக்கத்தில் பாஷை நின்றது. நான் இன்னும் முடிக்கவில்லை, சொல்ல நிறைய இருந்தது. வசந்தா அக்கா அந்த இடத்திலேயே "ஆமென்" என்று அழுத்தமாகச் சொன்னாள்.